பிடிக்கும் நோக்கத்துடன்

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் பின்மதிலை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. அடையாற்றங்கரையில் கொண்டுபோய் விடும். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி வந்தவனை டாக்டர் நடக்கச் சொன்னதால், நான் நடந்த பாதை அது. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் சரியாக வராத நேரம். மழைநீர்க் கால்வாய் ஒன்று ஆற்றில் சேரும் இடத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் கால்வாயின் குறுக்கே வலையை இழுத்துப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் கொஞ்சம் மேலே தள்ளி நின்று, ஒரு பெயின்ட் பக்கெட்டிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளித் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தான். காற்று என் பக்கம் திரும்பியபோது வாசனை வந்தது. எங்கள் சம்ப்பைக் கழுவுகிற நாளில் வரும் அதே வாசனை. பிளீச்சிங் பவுடர்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜிலேபிக் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. பின்னாலேயே விரல் நீளக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். பெரியதை எல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

போனில் 100 வரை அழுத்திவிட்டேன். பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. பேச எடுத்தவர் என்ன கேட்பார் என்று மனசுக்குள் ஓடிப்பார்த்தேன். 'ஆத்துல மீன் புடிக்கிறாங்க சார்.' 'சரி, அதுக்கு?' இதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. இது குற்றமா? என்ன குற்றம்? யாருடைய மீன்? அந்த நேரத்தில் ஒரு போட்டோ மட்டும் எடுத்தேன். தூரத்திலிருந்து எடுத்தது, முகம் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். போலீஸுக்குச் சொல்லத் தயங்கியவன் வாட்ஸாப்புக்குச் சொல்லத் தயங்கவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மறுநாளே பின்பக்கப் பாதையின் கேட்டுக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். அந்தப் பூட்டில் முதலில் மாட்டிக்கொண்டவர் ஒரு பெரியவர். கழிமுகத்துப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து அதிகாலையில் சைக்கிளில் வந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வீச்சு வலை போடுகிறவர். இரண்டு மூன்று முறை மடவை வாங்கியிருக்கிறேன் அவரிடம். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். வாட்ச்மேன் அவரைத்தான் நிறுத்தி, வலையைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். பவுடர் போட்ட மூன்று பேருக்கும் எங்கள் கேட் தேவையே இல்லை. அவர்கள் எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள்.

அடுத்த வாரம் பாலத்தின் மேல் அவரைப் பார்த்தேன். "போட்டோ எடுத்தது சாருதானா?" என்றார். அந்த 'சார்' இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தேன். என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று தேடத்தான் ஆரம்பித்தேன், உண்மையைச் சொன்னால்.

*

முதலில் சட்டம். இந்திய மீன்வளச் சட்டம், 1897-ன் நான்காவது சட்டம். மொத்தம் ஏழே பிரிவுகள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். நான்காம் பிரிவு டைனமைட் முதலிய வெடிபொருள்களைத் தண்ணீரில் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஐந்தாம் பிரிவு விஷம், சுண்ணாம்பு, கேடு செய்யும் பொருள்கள். அதிகபட்சத் தண்டனை இரண்டு மாதச் சிறை, அல்லது இருநூறு ரூபாய் அபராதம். இருநூறு ரூபாய் என்பது 1897-ல் ஒரு கூலிக்காரன் கண்ணால் பார்க்காத தொகை. ஆறாம் பிரிவு மாகாண அரசுகளுக்கு விதி செய்யும் அதிகாரம் கொடுக்கிறது: வலைக்கண் எவ்வளவு இருக்கலாம், எந்த நீர்நிலையில் நிலைவலை கட்டக் கூடாது, எந்தப் பருவத்தில் பிடிக்கக் கூடாது. ஏழாம் பிரிவு கைது. பெயரும் முகவரியும் தெரியாத ஆளை, கேட்டும் சொல்ல மறுக்கிற ஆளை, வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

ஆக, எனக்கு அன்று காலை தெரியாத பதில் இதுதான்: ஆற்றில் மீன் பிடிப்பது குற்றமில்லை, தண்ணீரில் விஷம் போட்டுப் பிடிப்பது குற்றம். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகவே குற்றம். பெரியவரின் வீச்சு வலை இந்தச் சட்டத்தின் பக்கத்திலேயே வராது. எங்கள் குழுவில் ஒருத்தர்கூட இந்த வித்தியாசத்தைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மயிலாப்பூரில் வளர்ந்த எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கபாலீஸ்வரர் கோயில் குளத்து மீனுக்குச் சின்ன வயதில் பொரி போட்டிருக்கிறேன். எங்களில் ஒரு பையன் ஒருமுறை நூலில் வளைத்த குண்டூசியைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினான். பூக்கடைக்காரம்மாவில் ஆரம்பித்து, வடக்கு மாடவீதியே 'டேய்' என்று கத்தியது. அங்கே புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த மீன் சாமியுடையது. கிராமத்து ஏரியிலும் அப்படித்தான். மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் இருக்கிறார், ஏலத்தில் பணம் கட்டியிருக்கிறார், திருடினால் கேட்பார். நீதிமன்றங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் பிரித்தன. அடைபட்ட குளத்தின் மீன் உடைமை, எடுத்தால் திருட்டு. ஓடும் ஆற்றின் மீன் பிடிபடும்வரை யாருக்கும் சொந்தமில்லை, எடுத்தால் திருட்டில்லை. குளத்திலிருந்து ஆறு ஆட்டோவில் பத்து நிமிட தூரம். அதற்குள் மீன் சொத்து என்பதிலிருந்து யாருமற்றது என்று மாறிவிடுகிறது.

'திருட்டு மீன்பிடிப்பு' என்கிறோமே, அந்தச் சொல்லே இங்கே கொஞ்சம் இடறுகிறது. இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு முதலாளி உண்டு. ஆறு பாயும் நிலத்தின் பிரபு, ஆற்று மீனுக்கும் பிரபு. 1723-ல் அங்கே 'கறுப்புச் சட்டம்' என்று ஒன்று வந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடப் போனாலும், பிரபுவின் மீன்குளத்துக் கரையை உடைத்தாலும் தூக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு ஒரே சட்டத்தில் மரண தண்டனை. வரலாற்றாசிரியர் ஈ.பி.தாம்சன் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார், 1975-ல். அந்த ஊரிலிருந்து வந்த அதிகாரிகள்தான் நம் ஆறுகளைப் பார்த்தார்கள். பிரபு இல்லாத ஆறு. வேலி இல்லாத மீன். ஊரெல்லாம் வலை. அவர்களுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும்.

*

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் டே. 1852-ல் சென்னை ராணுவத்தின் மருத்துவப் பணிக்கு வந்த சர்ஜன். மலபார் மீன்களைப் பற்றி 1865-ல் ஒரு புத்தகம் போட்டார். பிறகு மருத்துவத்தை விட்டு மீனிலேயே முழுகிப் போய், இந்தியா, பர்மா இரண்டுக்கும் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். இந்திய மீன்களின் பெயர்களைத் தேடுகிற எவரும் இன்றும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவரை ஆறுகளுக்கு அனுப்பக் காரணமாக இருந்த கவலையின் கதை சுவாரசியமானது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, கீழணை இரண்டையும் கட்டியவர் ஆர்தர் காட்டன். தஞ்சாவூருக்குச் சோறு போட்ட அணைகள். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீன், கீழணையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஏற முடியாமல் அணையின் காலடியில் குவிந்த மீனை ஜனங்கள் அள்ளினார்கள். 1860களின் இறுதியில், இந்த அணைகளால் மீன் அழிகிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதியவர்களில் காட்டனே ஒருவர். தான் கட்டிய அணையைத் தானே புகார் செய்த எஞ்சினியர். என் தொழிலில், தானே எழுதிய நிரலில் தானே பிழை பதிவு செய்கிறவர்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு.

1873-ல் டேயின் அறிக்கை வந்தது. மாவட்டம் மாவட்டமாக ஐரோப்பிய அதிகாரிகளிடமும் தாசில்தார்களிடமும் கேள்விகள் அனுப்பி, பதில்களைத் தொகுத்திருந்தார். உங்கள் பகுதியில் மீன் குறைந்திருக்கிறதா? வலைக்கண் எவ்வளவு சின்னது? வயலில் ஏறும் குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? விஷம் போடுகிறார்களா? ஒரு வகையில் இந்தியாவில் மீன்பிடிப்பு பற்றித் திரட்டப்பட்ட முதல் பெரிய புகார்ப் பட்டியல் இது. விஷத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கிடைக்காத காலம். காக்காய்க்கொல்லி விதை, கள்ளிப்பால், மருக்காரைக் காய், சுண்ணாம்பு. கோடையில் ஆறு வற்றி மடுவாகத் தேங்கி நிற்கும்போது, இதில் ஒன்றை இடித்துக் கரைத்தால் மடுவே மேலே மிதக்கும்.

டே கடுமையான விதிகள் கேட்டார். வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், குஞ்சு பிடிக்கத் தடை வேண்டும், அணைகளில் மீன் ஏற வழி வேண்டும். பழைய ராஜாக்கள் காலத்தில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருந்தது, நாம் எல்லாருக்கும் திறந்துவிட்டதால்தான் அழிகிறது என்பது அவர் வாதம். எதிர்ப்பக்க வாதமும் லேசானதில்லை. ஏழையின் குழம்புக்குள் சட்டத்தை விடுகிறோம், கடைநிலைச் சிப்பந்தி ஒவ்வொரு வலையையும் அளக்கிறேன் என்று காசு பிடுங்குவான் என்பது அது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாட்ச்மேன்தான் ஞாபகம் வந்தார். காசு கேட்கவில்லை அவர். ஆனால் வலையைப் பிடுங்கினார். அவருக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தது என் போட்டோ.

டேயின் அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபத்துநாலு வருடம். அந்த இடைவெளியில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் வேலை மளமளவென்று நடந்தது: நீலகிரி. 1877-ல் அங்கே வேட்டைக்காரத் துரைமார்கள் சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் கைக்கு வந்துவிட்டது. ஊட்டி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விடும் ஆசை அதற்கு முன்பிருந்தே இருந்தது. டேயேகூட முயன்று தோற்றிருக்கிறார். தூண்டிலோடு லீவுக்குப் போகிறவர்களின் மீனுக்கு இரண்டே வருடத்தில் காவல். காவிரியின் மீனுக்கு இருபத்துநாலு. யாருடைய புகார் காதில் விழுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு கிடைக்காது.

1897 சட்டத்தைக் கொண்டுவந்ததில் டைனமைட்டுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1867-ல். முப்பதே வருடத்தில் ஓர் இந்திய மீன் சட்டத்தில் அதன் பெயர் நேரடியாக ஏறுகிறது என்றால், பாலம், ரயில், கல்குவாரி வேலைகள் வழியாக அது எவ்வளவு வேகமாக ஆற்றுக்கு வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டா போடுவது என்றே அதற்குத் தமிழில் பேர் வந்துவிட்டது. பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு கரண்ட் வைப்பது பிறகு வந்த வித்தை. 1897-ன் மூல வாசகத்தில் மின்சாரம் கிடையாது.

*

சட்டம் வருவதற்கு முன்னால் காவலே இல்லை என்று அர்த்தமில்லை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. முறை தவறினால் புகார் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகும், அபராதம் விழும். புகார் சொல்கிறவனும் சொல்லப்படுகிறவனும் ஒரே கரையில் நாளைக்கும் வலை போட வேண்டியவர்கள். பாதிக்கப்படுகிறவன் கையில் நியாயம் இருக்கிறது என்று எனக்கு முதலில் பெரிய உற்சாகம் வந்தது. மேலே படிக்கப் படிக்க அது கொஞ்சம் வடிந்தது. பாட்டில் பங்கு பிறப்பால் வருவது. மீனவச் சாதிக்கு வெளியே இருப்பவர்களுக்கு, வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றவர்களுக்கு, அதில் இடமில்லை. நல்ல இடமெல்லாம் பாடாகிவிட்டால் மிச்சத்தில்தான் அவர்கள் இறங்க வேண்டும். ஊர்க் காவலிலும் ஒரு கேட் இருந்திருக்கிறது.

சென்னை மாகாணத்துக்கென்று தனி மீன்வளத் துறை 1907-ல் வந்தது. ஃபிரெடரிக் நிக்கல்சன் ஆரம்பித்து வைத்தது, இந்தியாவிலேயே இப்படிப்பட்ட முதல் துறை. கூட்டுறவு வங்கிகளுக்காக அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன். அதன் இன்றைய வாரிசுத் துறைக்குத் தலைமை அலுவலகம் நந்தனத்தில். அடையாறு வளைந்து போகும் சைதாப்பேட்டைக்கு நடந்தே போகலாம் அங்கிருந்து.

*

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி அந்த ஐந்தாம் பிரிவுக்கே போனேன். அதில் ஒரு சொற்றொடரை முதல் தடவை தாண்டிப் போயிருந்தேன். விஷத்தையோ சுண்ணாம்பையோ தண்ணீரில் போட்டால் மட்டும் போதாது. மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்துடன் போட்டிருக்க வேண்டும். நான்காம் பிரிவிலும் அதே நிபந்தனை. நியாயம்தானே என்று தோன்றும். கிணற்றுக்குச் சுண்ணாம்பு போடுகிறவனை உள்ளே தள்ள முடியாது.

ஆனால் இந்த நிபந்தனையை அடையாற்றில் ஓட்டிப் பாருங்கள். ஆதனூர்ப் பக்கத்தில் ஆரம்பித்து, செம்பரம்பாக்கத்து உபரிநீரையும் வாங்கிக்கொண்டு, 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் தியசாபிகல் சொசைட்டிக்கும் நடுவே கடலில் சேரும் ஆறு. வழியெல்லாம் கழிவுநீர் இறங்குகிறது. கழிமுகத்தில் மணல் மேடிட்டுவிட்டால் கடல்நீர் உள்ளே வராது. ஐப்பசியில் முதல் மழை விழும்போது, கால்வாய்களில் மாதக்கணக்கில் படிந்த கசடு மொத்தமாகக் கிளம்பி ஆற்றில் இறங்கும். தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனும் தீரும். மீன் செத்து மிதக்கும். மூன்று பேர் ஒரு பக்கெட்டோடு ஒரு வருடம் உட்கார்ந்தாலும் அந்தக் கணக்குக்கு வர மாட்டார்கள். 1897 சட்டத்தின்படி அதில் குற்றமில்லை. மீனைக் கொல்லும் நோக்கம் யாருக்கும் இல்லையே. ஃப்ளஷ் அழுத்துகிற எனக்கும் இல்லை.

1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தபோது சொல் மாறியது. அங்கே 'நோக்கத்துடன்' இல்லை, 'தெரிந்தே'. தெரிந்தே ஒருவர் நச்சுப்பொருளை ஆற்றில் விடக் கூடாது, விட அனுமதிக்கவும் கூடாது. நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சட்டத்தின் குற்றவாளியை ஒரு பின்பாதையில், ஒரு லுங்கியில், ஒரு போட்டோவுக்குள் பிடிக்க முடியாது. அதற்குக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், வருடக்கணக்கில் கோப்பு நகர வேண்டும். ஒரு காட்சியாக என் கண்ணில் பட்டது அந்த மூன்று பேர்தான்.

அதனால் அவர்களை விட்டுவிடலாம் என்றா? நான் அங்கே போக மாட்டேன். மீந்திருக்கும் குஞ்சையும் கொன்றவர்கள் அவர்கள். குளோரினில் செவுள் வெந்த மீன் எந்தச் சந்தையில் யார் வீட்டுக்குப் போனதோ. அதோடு, முதல் நஷ்டம் அதே தண்ணீரில் வலை போடுகிறவருக்கு. பவுடரையும் தோட்டாவையும் கரண்டையும் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும். எதைச் சொல்வது என்பதில்தான் நான் சறுக்கினேன். இன்ன இடம், இன்ன நேரம், தண்ணீரில் பவுடர் போடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் அது ஒரு செயலைப் பற்றிய புகார். நான் அனுப்பியது ஆற்றங்கரையில் முகம் தெரியாத மூன்று ஆட்களை. பார்த்தவர்கள் அதில் தங்களுக்குப் பழக்கமான சந்தேகத்தைப் பொருத்திக்கொண்டார்கள். கேட் சாவி மட்டுமே அதிகாரமாக உள்ளவர்களிடம் போன புகார், ஒரு பூட்டாகத்தான் திரும்பி வரும்.

குழுவில் எழுதினேன். அந்தப் பெரியவர் பிடிப்பது வலையில், அது சட்டத்துக்கு உட்பட்டது, பாதையைத் திறந்துவிடுங்கள் என்று. இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. பிறகு யாரோ தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார்கள்.

ஐப்பசியில் அந்த முதல் மழை பெய்தது. இரண்டு நாள் கழித்து திரு.வி.க. பாலத்தில் பைக்கை நிறுத்திப் பலர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நிறுத்தினேன். கரையோரம் நெடுக வெள்ளை வயிறுகள். மடவை, கெளுத்தி, எதற்கும் சாகாது என்று பேர் வாங்கிய ஜிலேபிகூட. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கேரியரில் ஈரமே ஆகாத வலையை மடித்து வைத்துக்கொண்டு பெரியவரும் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "பவுடர்க்காரன் பரவால்ல, ஒரு மடுவோட போயிடுவான்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்றம் தாங்காமல் பலர் கிளம்பிப் போனார்கள்.

"இன்னும் பத்து நாள்ல மொகத்துவாரம் தொறந்துக்கும், புதுத் தண்ணி ஏறும்" என்றார். "அப்ப மேலாண்டதான் மடவை நிக்கும். உங்க கேட்டை எப்ப சார் தொறப்பாங்க?"